வடமேற்கு மூலைக்கு ஒரு வாக்கியம்

1

காலை ஒன்பது மணி இருக்கும். எல்ஸ்பெத் கோவி கொடியில் படுக்கை விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவள் கணவன் ஆர்ச்சி இம்லக் நின்றான். ஆளுக்கொரு பக்கம் இழுத்து உதறினார்கள்.

"இழு புள்ள, இழு. முப்பது வருஷமா குடிக்கிற கஞ்சியெல்லாம் எங்க போகுது?"

"நீ விடாமப் பிடி, அது போதும். போன வாரம் சேத்துல விட்டியே."

"அது காத்து செஞ்ச வேலை. நான் விடல."

"இன்னிக்குக் காத்தே இல்ல. விட்டா பழி ஒம்மேலதான்."

அவன் விடவில்லை. விரிப்பு பலகையைப் போலத் தொங்கியது. ஆர்ச்சி தேநீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையில் பட்டரி என்கிற உப்பு வெண்ணெய் ரொட்டி ஒன்றையும் கோட்டுப் பையில் காலி ஜாம் பாட்டில் ஒன்றையும் போட்டுக்கொண்டு, மேட்டில் ஏறிக் கோபுரத்துக்குப் போனான்.

[இதுவரை உள்ளதை அறக்கட்டளைக்காரர் திரு. வீர் சிவப்பு மையால் குறுக்கே அடித்துவிட்டார். ஓரத்தில் எழுதியிருந்தார்: "அழகான நினைவு. ஆனால் பலகைக்குக் கோபுரத்தின் வரலாறும் கட்டடக்கலையும் மட்டும் போதும். 350 சொற்கள்."]

இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். டில்லிகோரன் கோபுர வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளை, வாசலில் புதிய விளக்கப் பலகை வைக்க விரும்பியது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோபுரத்தின் சாவி என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் என் கதவைத்தான் தட்ட வேண்டும். அதனால் என்னையே எழுதச் சொன்னார்கள். நான் 350 சொற்கள் எழுத உட்கார்ந்தேன். வந்தது இது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் ஏமாந்ததாக நினைக்கக் கூடாது. எல்ஸ்பெத் கோவி நான்தான். 'நான்' என்று எழுதினால் நான்கு வரிக்குள் காகிதம் நனைந்துவிடுகிறது. 'எல்ஸ்பெத்' என்று எழுதினால் கோபம் வருகிறது. எனக்கு இப்போது கோபம்தான் உபயோகப்படும்.

2

முதல் முயற்சி.

"டில்லிகோரன் கோபுர வீடு 1587ஆம் ஆண்டு பாட்ரிக் ரெய்ட் அவர்களால் கட்டப்பட்டது."

பாட்ரிக் ரெய்ட் ஒரு கல்லைக்கூடத் தூக்கியிருக்க மாட்டான். கட்டியவர்கள் கொத்தர்கள். அவர்கள் பெயர் தெரியாது. குறி மட்டும் தெரியும். ஒருவன் தன் கற்களில் அம்பு வெட்டினான், ஒருவன் மீன்முள், ஒருவன் மணற்கடிகாரம். கூலி வாங்கும்போது யார் எத்தனை கல் செதுக்கினான் என்று காட்ட. மணற்கடிகாரக்காரனின் கற்களைத் தடவிப் பார்த்தாலே தெரியும் என்பான் ஆர்ச்சி, அவனும் கொத்தன்தான். "சோம்பேறிப் பய. ஓரத்த மட்டும் ஒழுங்கா வெட்டிட்டு நடுவுல ஏமாத்திருக்கான். எனக்கு அவன ரொம்பப் புடிக்கும்."

இரண்டாம் முயற்சி. இதில் கட்டடக்கலை இருக்கிறது. திரு. வீருக்குப் பிடித்திருந்தது.

"நீள்சதுரமான நடுக்கட்டடம். அதன் தென்கிழக்கு மூலையில் ஒரு வட்டக் கோபுரம், எதிர் மூலையான வடமேற்கில் இன்னொன்று. மேலிருந்து பார்த்தால் இசட் எழுத்து. தரைத்தளம் முழுவதும் கல் வளைகூரை. அங்கே சமையலறையும் சரக்கறையும். சுழல் படிக்கட்டில் ஏறினால் கூடம். கூடத்துக்கு மேலே படுக்கையறைகள். வடமேற்கு வட்டக் கோபுரத்தின் தலையில் ஒரு சதுர அறை. வட்டத்தின்மேல் சதுரம் உட்கார வேண்டுமென்றால் மூலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தாங்குகற்கள் வரிசை வரிசையாக ஏந்தின. சுவர்களெல்லாம் வெளிர் ரோஜா நிறச் சுண்ணாம்புப் பூச்சு."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'ஏந்தின' என்று எழுதியிருக்கிறேன் பாருங்கள். அது ஏன் 'ஏந்துகின்றன' இல்லை என்று எழுத இடம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அதுதான் இந்தக் கதையின் சண்டை.

[அடிக்குறிப்பு போல: வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கோட்டை என்கிறார்கள். முற்றுகை உண்டா, கொதிக்கும் எண்ணெய் உண்டா என்று கேட்கிறார்கள். ஒன்றும் இல்லை. இது வீடு. வெளிநாட்டு மாளிகைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஜன்னல்களை ஒன்றுக்கு நேராக ஒன்று அடுக்கி, வாசல் மேல் குலச்சின்னம் செதுக்கி, ஊர் பார்க்கட்டும் என்று கட்டிய வீடு. துப்பாக்கித் துளைகள் உண்டு, அதுவும் பகட்டுக்கு. "இதுலேர்ந்து சுட்டா அவன் சொந்த மாட்டுக்கொட்டாய்தான் சாயும்" என்று ஆர்ச்சி ஒவ்வொரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கும் சொல்வான். ஆசிரியைகள்தான் முதலில் சிரிப்பார்கள்.]

வாசல் உத்தரக்கல்லில் நான்கு எழுத்துகள்: பி. ஆர். – எம். ஐ. பாட்ரிக் ரெய்ட், மார்ஜரி இன்னிஸ். எங்கள் பக்கத்தில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். கல்லறைக் கல்லிலும் அப்படியே. மார்ஜரி கடைசிவரை இன்னிஸ்தான். கடிதம் வரும்போது நான் இம்லக் ஆக இருந்தாலும், கல்லில் கோவிதான். அறக்கட்டளை அனுப்பிய மாதிரிப் பலகையில் 'பாட்ரிக் ரெய்டும் அவர் மனைவியும்' என்று இருந்தது. நானூற்று முப்பது வருஷமாக வாசல் தலைமேல் அவள் எழுத்து நிற்கிறது. அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் கழுத்து இல்லை.

3

மூன்றாம் முயற்சி. கோபுரம் எப்படிப் பாழானது?

பழைய பலகை சொன்னது: "பதினெட்டாம் நூற்றாண்டுக் கலவரங்களின்போது கூரை அழிந்தது."

எல்ஸ்பெத்துக்கு இதைப் படித்தால் வயிறு எரியும். எந்தக் கலவரமும் டில்லிகோரன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1791இல் ரெய்ட் வம்சத்தின் கடைசி ஆள், பண்ணையில் புதிதாகக் கட்டிய தானியக் கிடங்குக்குக் கல்லோடும் மரமும் வேண்டுமென்று தன் சொந்த வீட்டின் கூரையைத் தானே கழற்றினான். அந்தக் கிடங்கு இன்னும் நிற்கிறது. அதன் உத்தரங்களில் கோபுரக் கூடத்தின் பழைய சாயம் இன்னும் ஒட்டியிருக்கிறது: சிவப்பு, பச்சை, ஒரு மாதுளம்பழம், ஒரு தேவதையின் பாதி முகம். எதிரே டிராக்டர் நிற்கிறது.

ஆனால் 'சொந்தக்காரனே கழற்றினான்' என்று எந்தப் பலகையும் எழுதாது. எழுதினால் வாக்கியத்துக்குள் ஒரு ஆள் வருவான். ஆள் வந்தால் கேள்வி வரும். கலவரம், காலம், காற்று என்று எழுதிவிட்டால் யாரும் வர வேண்டாம்.

(கட்டுரை மாதிரிப் போகிறது என்று தெரிகிறது. கட்டுரையாக இருந்தால் நான் இவ்வளவு நடுங்க மாட்டேன்.)

4

இப்போது திரு. வீரைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். டக்ளஸ் வீர், அறக்கட்டளையின் பலகை எழுத்துகளுக்குப் பொறுப்பாளர். அவரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நிஜத்தில் அவர் நல்ல பிள்ளை. கதையில் நல்ல பிள்ளை இருந்தால் கோபத்துக்கு இடம் குறைகிறது. முதல் பிரதியில் அவருக்கு எலிமூஞ்சியும் வியர்க்கும் கையும் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் கை வியர்க்கவில்லை. மழையில் வந்ததால் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

போன மாதம் வந்தார். எல்ஸ்பெத் அடுப்புப் பக்கம் உட்கார வைத்துப் பட்டரி சுட்டுக் கொடுத்தாள்.

"திருமதி இம்லக், உங்க எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. உண்மையா சொல்றேன்."

"கோவி."

"மன்னிச்சுக்குங்க. திருமதி கோவி. ஒரே ஒரு வாக்கியம்தான் பிரச்சினை. வடமேற்கு மூலை."

"அதுல என்ன பிரச்சினை தம்பி? மூலை இல்ல. அதான் பிரச்சினை."

"எப்படி விழுந்துச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்களே…"

"எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதியிருக்கேன்."

வீர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அறக்கட்டளை அறிக்கையில, 'அசாதாரணமான பலத்த காற்றினால்'னு இருக்கு. பலகையில அதுக்கு மாறா எதுவும் போட முடியாது. எனக்கு மேல இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"அன்னிக்கு நான் விரிப்பு காயப்போட்டிருந்தேன்."

"சரிங்க."

"பன்னெண்டு மணி வரைக்கும் அது அசையல. ஒரு ஓரம்கூட மடங்கல. போலீஸ்காரர் அதைச் சுத்திக்கிட்டுதான் உள்ள வந்தார். எங்க வீட்டு விரிப்பைத் தூக்க முடியாத காத்து, முப்பது டன் கல்லைத் தூக்கிருக்கா?"

"எனக்குப் புரியுதுங்க."

"புரியுதுன்னா எழுதுங்க."

"புரியறது வேற, எழுதறது வேறங்க" என்றார் அவர். சொன்ன பிறகு தன் வாயைத் தானே வெறுத்தவர்போல் முகத்தை வைத்துக்கொண்டார். ரொட்டியை முடிக்கவில்லை.

கிளம்பும்போது கதவடியில் நின்று, "மேட்டுல ஒரு பெஞ்சு போட்டு, அதுல உங்க கணவர் பேரைப் போடலாம்னு ஒரு யோசனை இருக்குங்க" என்றார்.

"அவருக்குப் பெஞ்சுன்னா புடிக்காது. வேலை நேரத்துல உக்கார மாட்டாரு."

5

2019 பிப்ரவரிக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

சுண்ணாம்பைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அது குளிரில் செத்துவிடும். எங்கள் ஊரில் ஏப்ரல் கடைசிக்கு முன்னால், செப்டம்பருக்குப் பின்னால், விவரமுள்ள எந்தக் கொத்தனும் சுண்ணாம்புச் சாந்தைத் தொட மாட்டான். சாந்து இறுக வாரக்கணக்காகும். அதற்குள் உறைபனி விழுந்தால் உள்ளே இருக்கும் ஈரம் பனிக்கட்டியாகி, சாந்தைத் தூளாக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "மேல பிஸ்கோத்து, உள்ள மாவு" என்பான் ஆர்ச்சி.

அந்த ஜனவரியில் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. வடமேற்குக் கோபுரத் தலையில், தாங்குகற்களுக்குப் பின்னால் சுவர் பிளந்திருக்கிறது. சரிசெய்ய மானியம் கிடைத்திருக்கிறது. மார்ச் 31க்குள் வேலை முடியாவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும். ஆகவே பிப்ரவரியில் தொடங்கவும்.

ஆர்ச்சி அதை இரண்டு முறை படித்துவிட்டு மேசைமேல் போட்டான்.

"பிப்ரவரியில சுண்ணாம்பாம்! இவனுங்க டிசம்பர்ல உருளைக்கெழங்கு நடுவானுங்க போல."

"பதில் எழுதட்டுமா?" வீட்டுக் கடிதங்களெல்லாம் எல்ஸ்பெத்தின் வேலை. ஆர்ச்சியின் கை கல்லில் எழுதும், காகிதத்தில் எழுதாது.

"எழுது. 'பிப்ரவரியில பூசினா விழும்.' அவ்வளவுதான். கீழ என் பேரு."

"அவ்வளவுதானா? ஏன், எதுக்குன்னு ஒண்ணும் வேண்டாமா?"

"விழும்னா விழும். அதுக்கு என்ன விளக்கம் புள்ள?"

எல்ஸ்பெத் எழுதினாள்.

(என்ன எழுதினாள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். கதைப்படி இதுதான் அதற்கு இடம். என்னால் முடியவில்லை. கொஞ்சம் பொறுங்கள்.)

பதில் வந்தது: "தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. பனியிலிருந்து பாதுகாக்கப் போர்வைகள் வழங்கப்படும்."

"செய்யாத" என்றாள் எல்ஸ்பெத்.

"நான் செய்யலேன்னா யாரு செய்வான்னு ஒனக்குத் தெரியும்."

தெரியும். தெற்கேயிருந்து சிமெண்டுக்காரர்கள் வருவார்கள். எல்ஸ்பெத் கல்யாணமாகி வருவதற்கு முன்பே ஒருமுறை வந்து கோபுரத்தின் கிழக்குச் சுவர் முழுவதும் சிமெண்டு பூசிவிட்டுப் போனார்கள். மழைத்தண்ணீர் சிமெண்டுக்குப் பின்னால் சிக்கி, வெளியேற வழியில்லாமல் கல்லையே தின்றது. அந்தச் சிமெண்டை உளியால் கொத்தி எடுக்க ஆர்ச்சிக்குப் பதினொரு கோடைகள் ஆயின. பதினொரு கோடைகள், ஒரு மனிதன், ஒரு சுவர். இன்னொரு சுவரை அவர்களிடம் கொடுக்க அவனால் முடியாது.

அதனால் பூசினான். சாக்குத் துணி, வைக்கோல், அதன்மேல் தார்ப்பாய் என்று மூன்று அடுக்குப் போர்த்தினான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோல் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தான். பத்தாம் நாள் வெப்பமானி மைனஸ் ஒன்பது காட்டியது. ஆர்ச்சி படியிறங்கி வந்து, பூட்ஸைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தான். சேறு தரையெல்லாம் ஆனது. எல்ஸ்பெத் அதைத் துடைத்தாள்.

மார்ச் 28ஆம் தேதி அறக்கட்டளை ஆட்கள் வந்து, கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு, கைகுலுக்கிவிட்டுப் போனார்கள்.

6

ஏப்ரலில் ஆர்ச்சி அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் சொன்னான்: உள்ளே செத்துவிட்டது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் மரியாதையாகக் கேட்டது: ஆதாரம் இருக்கிறதா? மாதிரி ஏதாவது அனுப்ப முடியுமா?

அதற்குத்தான் ஜாம் பாட்டில்.

எல்ஸ்பெத் சமையலறையில் இருந்தாள். நிலக்கரிக்காரன் கொட்டகையில் மூட்டையைக் கவிழ்ப்பது போல ஒரு சத்தம். ஆனால் அது நிற்கவில்லை. ஒரு மூட்டை, இரண்டு மூட்டை, இருபது மூட்டை. அவள் வெளியே ஓடியபோது கொடியில் விரிப்பு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு மேட்டில் ஏறினாள். தூசிக்குள்

எல்ஸ்பெத் வடமேற்குப் பக்கம் வந்தபோது ஆர்ச்சியின்

ஆர்ச்சி

[இந்த இடத்தைப் பதினான்கு முறை எழுதினேன். மூன்றை மேலே விட்டு வைத்திருக்கிறேன். மிச்சத்தை அடுப்பில் போட்டேன். என்ன பார்த்தேன் என்பது பலகைக்கும் தேவையில்லை, உங்களுக்கும் தேவையில்லை. அது என்னுடையது.]

கட்டடக்கலையாகச் சொல்கிறேன். அதற்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள். தாங்குகல் என்பது பாதி சுவருக்குள்ளும் பாதி வெளியேயும் இருக்கும் கல். உள்ளே இருக்கும் பாதியை மேலேயுள்ள சுவரின் எடை அழுத்திப் பிடித்திருக்கும். அதனால்தான் வெளியே இருக்கும் பாதி சுமை தாங்குகிறது. உள்ளே சாந்து மாவாகிவிட்டால் சுவர் ஒரே சுவராக இருக்காது. கற்குவியல். பிடி தளர்ந்தது. நானூற்று முப்பது ஆண்டுகளாக வட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்த சதுரம் முன்னால் சாய்ந்தது. அதன்மேல் ஒரு மனிதன் முழங்காலிட்டு, ஆணியால் சுரண்டி, பாட்டிலில் தூளை நிரப்பிக்கொண்டிருந்தான். அன்று காற்று இல்லை.

7

விசாரணை நடந்தது. எல்ஸ்பெத் இடிபாட்டில் உடையாமல் கிடைத்த பாட்டிலைக் கொண்டுபோனாள். பாதிவரை வெள்ளைத் தூள். அந்தத் தூள் அந்தச் சுவரிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன நிரூபணம் என்று கேட்டார்கள். நிரூபிக்க வேண்டியவன் செத்துவிட்டான்.

பிறகு அறக்கட்டளையின் வக்கீல் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். எல்ஸ்பெத்தின் கையெழுத்தில் ஆர்ச்சி அனுப்பிய ஜனவரிக் கடிதம்.

இப்போது சொல்கிறேன்.

அதில் 'விழும்' என்ற சொல் இல்லை. இப்படி இருந்தது: "மதிப்பிற்குரிய ஐயா, பிப்ரவரி மாதம் சுண்ணாம்பு வேலைக்கு அவ்வளவு உகந்ததாக இருக்காது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அவன் சொன்னது மூன்றே சொல். நான் அதைக் குளிப்பாட்டி, தலைவாரி, கழுத்துப்பட்டை கட்டி அனுப்பினேன். படித்தவர்களுக்கு எழுதும்போது அப்படித்தான் எழுத வேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் படிக்காமல் கீழே பெயர் போட்டான். நான் எழுதியதை அவன் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஆபத்து பற்றி எந்த எச்சரிக்கையும் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உகந்ததாக இருக்காது என்றுதான் இருக்கிறது. அதுவும், 'அவ்வளவு'."

அந்த 'அவ்வளவு'வை அவர் உச்சரித்த விதம் இன்னும் காதில் இருக்கிறது.

அறக்கட்டளைமேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று இதுவரை படித்தவர்களுக்குத் தெரியும். அது குறையவில்லை. பனி விழும் மாதத்தை நாட்காட்டியில் பார்க்காமல், மானியம் முடியும் தேதியை மட்டும் பார்த்தார்கள். அவர்கள் கொன்றார்கள். அதை எந்தத் தண்ணீரும் கலக்காமல் சொல்கிறேன். ஆனால் அவர்கள் ஒளிந்துகொள்ள ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. அதை அழகான கையெழுத்தில், தபால்தலை ஒட்டி, நான் அனுப்பிவைத்தேன்.

ஆர்ச்சிமேலும் கோபம் உண்டு. மாதிரி கேட்டால், வேறு ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்திருக்கலாம். அவனுக்கு அது தெரியாது. மேலே யாரை அனுப்புவது, அவனே போனால்தான் சரியாக எடுப்பான். மடையன்.

8

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: எல்ஸ்பெத் 'பலத்த காற்றினால்' என்று எழுதிக் கொடுக்கிறாள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறார்கள். அவளுக்கு ஒரு கோப்பை ஷெர்ரி ஒயின் கொடுக்கிறார்கள். அவள் வாங்கிக்கொள்கிறாள். — இதை எழுதியபோது பேனா நன்றாக ஓடியது. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.

இரண்டாம் முடிவு: எல்ஸ்பெத் ஆர்ச்சியின் உளியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, உத்தரக்கல்லுக்குக் கீழே தானே செதுக்குகிறாள். — சினிமா. ஒரு எழுத்து வெட்ட எனக்கு ஒரு வாரம் ஆகும், அதுவும் கோணலாக. மணற்கடிகாரக்காரன்கூடச் சிரிப்பான். தவிர, நான் மேலே போய் மூன்று ஆண்டுகளாகின்றன. சாவியைக் கொடுக்கிறேன், வாங்கி மாட்டுகிறேன். மேட்டில் ஏறுவதில்லை.

மூன்றாம் முடிவு: திரு. வீர் மனம் மாறி, மேலிடத்தை எதிர்த்துச் சண்டை போட்டு

(இல்லை. அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள் இருக்கின்றன. என் சண்டையை அவர் தலையில் கட்டக் கூடாது.)

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். நான் 350 சொற்களை எழுதி அனுப்பினேன். கட்டடம், கூரை, மார்ஜரி இன்னிஸ், எல்லாம் உண்டு. வடமேற்கு மூலைக்கு இப்படி எழுதினேன்:

"2019 பிப்ரவரியில், உறைபனியில், இந்த மூலைக்குச் சுண்ணாம்பு பூச அறக்கட்டளை கட்டளையிட்டது. பூசினால் விழும் என்று கொத்தர் ஆர்ச்சிபால்ட் இம்லக் சொன்னார். ஏப்ரலில் விழுந்தது. அவர் அதில் இறந்தார்."

வெள்ளிக்கிழமை வீர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"திருமதி கோவி, 'விழும்னு சொன்னார்'ங்கறது மட்டும்… கடிதத்துல அப்படி இல்லையேன்னு மேல கேக்கறாங்க."

"கடிதத்துல இல்ல. அவரு சொன்னாரு. கடிதம் எழுதினது நான். பொய் எழுதினது நான்."

"கொஞ்சம் மென்மையா, 'கவலை தெரிவித்தார்'னு போட்டா, மத்ததையெல்லாம் நான் காப்பாத்திடுவேன்னு நெனைக்கிறேன்."

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. நல்ல பேரம். அறக்கட்டளையின் பெயர் நிற்கும், பிப்ரவரி நிற்கும், ஆர்ச்சியின் பெயர் நிற்கும். ஒரு சொல்தான் போகும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இருந்த எல்ஸ்பெத் உடனே சரி என்றிருப்பாள். பணிவுடன்.

"தம்பி, அந்தச் சொல்ல ஒரு தடவ நான் எடுத்துட்டேன். ரெண்டாவது தடவ எடுக்க மாட்டேன். அது போச்சுன்னா எல்லாத்தையும் எடுத்துருங்க. என் பேரையும்."

அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் கேட்டது. பிறகு, "கமிட்டிக்குச் சொல்றேங்க" என்றார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை, அழைப்பு இல்லை.

9

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. இரண்டு பேர் சாவி கேட்டார்கள். வேனுக்குள் சாக்கில் சுற்றிய பலகை இருந்தது.

"வடமேற்கு மூலையப் பத்தி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"நாங்க படிக்கிறதில்லம்மா" என்றான் ஒருவன். "போல்ட்டு மட்டும்தான் முடுக்குவோம்."

"ஒரு நிமிஷம் சாக்கப் பிரிச்சுப் பாக்கலாமா?"

"பிரிச்சா கீறல் விழும். கீறல் விழுந்தா எங்க தலைய எடுப்பாங்க. மேல வந்து பாருங்களேன், அம்பதடிதான?"

ஐம்பதடி இல்லை. இருநூற்றுப் பத்து. நான் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு என் கதவைத் தட்டிய முதல் ஆள் நீங்கள். உங்களுக்குச் சாவியோடு இந்தக் காகிதங்களையும் கொடுத்திருக்கிறேன். இனி வருகிற எல்லோருக்கும் கொடுப்பேன். உள்ளூர் நூலகத்தில் பிரதியெடுத்து வைத்திருக்கிறேன். பலகையில் எது இருந்தாலும், அதைப் படிக்கிறவர் கையில் இதுவும் இருக்கும்.

நான் முடிவு எழுதவில்லை. அது மேலே, வாசலுக்கு இடப்பக்கம், போல்ட்டு முடுக்கி நிற்கிறது. போய்ப் படியுங்கள். திரும்ப வரும்போது என்னிடம் சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள், இருப்பது இருக்கிறபடி. எனக்காக ஒரு சொல்லையும் மெதுவாக்க வேண்டாம். சொல்ல விருப்பமில்லையென்றால் சாவியை மாட்டிவிட்டுப் போங்கள், நான் கேட்க மாட்டேன்.

மழை வந்தால் தெற்குச் சுவர் ஓரமாக நில்லுங்கள். மேலே பீரங்கி வடிவில் செதுக்கிய கல் தூம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கூரையே இல்லாவிட்டாலும், சுவர் உச்சியில் விழும் தண்ணீரை அது இன்னும் சுவரில் படாமல் மூன்றடி தள்ளியே கொட்டுகிறது.